அரசு அலுவலக மொட்டைமாடி: எஸ்டிமேட்டில் எதை எழுத வேண்டும்?

இந்தியாவின் இசிபிசி 2017 (கட்டடங்களில் ஆற்றலைச் சேமிப்பதற்கான விதி), 100 கிலோவாட் மின் இணைப்புச் சுமையோ மின்வாரியத்துடன் 120 கேவிஏ ஒப்பந்தத் தேவையோ, அதற்கு மேலோ உள்ள கட்டடங்களைத்தான் பிடிக்கும். தாலுகா அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகமெல்லாம் பெரும்பாலும் அந்த அளவை எட்டுவதில்லை. வெயில் சுமை பார்த்துக் காய்வதில்லையே. கூரைக்கு அந்த விதி சொல்லும் எண்ணைச் சின்னக் கட்டடத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, உள்ளே கடக்கும் வெப்பம் 0.33 வாட்டைத் தாண்டக் கூடாது.

வெறும் 150 மி.மீ. கான்கிரீட் தளத்தில் அது 3.3 வாட் அளவுக்கு வரும். பொதுப்பணித் துறையின் பழைய முறை, 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12.5 பங்கு நீற்றிய சுண்ணாம்பு கலந்து, மரக்கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பது. நல்ல முறைதான். ஆனாலும் சுமார் 2 வாட் வரைதான் இறங்கும். (சுண்ணாம்பை நீற்றப் பொறுமையில்லாமல் சிமெண்ட் கலந்துவிடுகிறார்கள், தளம் வெடிப்பு விடுகிறது.) அங்கிருந்து 0.33-க்கு இறக்க 85-90 மி.மீ. எக்ஸ்பிஎஸ் பலகை (எளிதில் நீர் குடிக்காத, கெட்டியான நுரைப் பலகை) வேண்டும்.

அடுக்கும் வரிசை முக்கியம். முதலில் சரிவு, குறைந்தது 60க்கு 1. அதன்மேல் நீர்க்காப்புப் படலம். பிறகு பலகை, இரண்டு அடுக்காக, மேலடுக்கின் மூட்டு கீழடுக்கின் மூட்டோடு பொருந்தாதபடி. அதற்கு மேல் பிரிப்புத் துணி, மெல்லிய கான்கிரீட், வெள்ளை ஓடு. மலிவாகக் கிடைக்கிறதென்று கண்ணாடிப் பஞ்சையோ சாதாரண தெர்மோகோலையோ இங்கே வைக்க வேண்டாம். நீர் குடித்தால் வெப்பத் தடுப்பு போய்விடும்.

பெரும்பாலும் தவறுவது மழைநீர்க் குழாயின் வாயில். அதை ஓட்டின் மட்டத்தில் வைத்துவிடுவார்கள். உள்ளே இறங்கிய நீர் படலத்தின்மேல் தேங்கி நிற்கும். வாய் படலத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். அடுக்குகள் எல்லாம் சேர்ந்தால் மாடி உயர்ந்துவிடும்; மாடிப்படி அறையின் வாசற்படியும் கைப்பிடிச் சுவரும் அதற்கேற்ப உயரமாக வரைபடத்திலேயே இருக்க வேண்டும். ஓடு பதிக்கும்போது கண்டுபிடித்தால் கதவை அறுப்பதுதான் வழி.

'பசுமைத் தரத்துக்கு ஏற்ப' என்று டெண்டர் முன்னுரையில் எழுதுவதால் ஒன்றும் நடக்காது. பலகையின் தடிமன், படலம், ஓட்டின் சூரிய ஒளிப் பிரதிபலிப்பு 0.6 (விழும் வெயிலில் 60 சதவீதத்தைத் திருப்பி அனுப்புவது) என ஒவ்வொன்றுக்கும் அளவும் விலையும் கொண்ட தனி வரி எஸ்டிமேட்டில் வேண்டும். ஆண்டுப் பராமரிப்பிலும் ஒரு வரி சேருங்கள்: பிப்ரவரி கடைசியில் ஓட்டைத் தேய்த்துக் கழுவ ஆள்கூலி. தூசியும் பாசியும் படிந்த வெள்ளை ஓடு அந்த 0.6-ஐத் தராது.