கேஸில் குளிராத ஃப்ரிட்ஜ்: சில நாட்குறிப்புகள்

2025 மார்ச் 10, திங்கள், மெல்போர்ன்

நீண்ட வார இறுதி முடிந்து ஈல்டன் ஏரியிலிருந்து மதியம் வீடு வந்து சேர்ந்தோம். கேஸிலும் கரன்டிலும் ஓடும் எங்கள் கேம்பிங் ஃப்ரிட்ஜ் கேஸில் குளிரவே இல்லை. பற்றவைத்தால் பற்றுகிறது, எரியவும் செய்கிறது. ஆனால் நேற்றுக் காலை உள்ளே வைத்த தெர்மோமீட்டர் 17 டிகிரி காட்டியது. தயிர் புளித்துப் பொங்கிவிட்டது. மீனைத் தூக்கிப் போட்டோம்.

ஈஸ்டருக்கு அப்பா ஊரிலிருந்து வந்திருப்பார். பார்மா காட்டுக்குப் போவதாகத் திட்டம். அங்கே கரன்ட் கிடையாது. அப்பாவின் இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். ஆகவே இதைச் சரிசெய்யாமல் விடமாட்டேன்.

மார்ச் 12, புதன்

வீட்டுக்காரர் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்கிறார். முதலில் எது கெட்டிருக்கிறது என்று தெரியட்டும் என்றேன். நேற்று மாலை கேஸைக் கழற்றிவிட்டு 240 வோல்ட்டில் போட்டு வைத்தேன். இன்று காலை 4 டிகிரி.

அப்பாடா! மனசு லேசானது. இந்த மாதிரி ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸர் கிடையாது. பின்பக்கக் குழாய்களுக்குள் அம்மோனியாவும் தண்ணீரும் ஹைட்ரஜனும் அடைத்திருக்கும். அடியில் சூடு கொடுத்தால் அம்மோனியா தண்ணீரை விட்டுப் பிரிந்து மேலே போய், அங்கே ஆறித் திரவமாகி, பெட்டிக்குள் ஆவியாகும்போது அங்குள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு மறுபடியும் தண்ணீரில் கரைந்துவிடும். அந்தச் சூடு 240 வோல்ட்டிலிருந்து வந்தாலும், காரின் 12 வோல்ட்டிலிருந்து வந்தாலும், கேஸ் தீயிலிருந்து வந்தாலும் மற்றதெல்லாம் ஒன்றுதான். கரன்டில் குளிர்கிறது என்றால் குழாய்களுக்கு ஒரு குறையும் இல்லை. தீதான் போதுமான சூட்டைக் கொடுக்கவில்லை. தேட வேண்டிய இடம் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது.

1922இல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், மண்டர்ஸ் என்ற இரண்டு பொறியியல் மாணவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு இது. சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லாமல் தீயை வைத்துக் குளிரை உண்டாக்குவது எனக்கு இன்னமும் அதிசயம்தான். தூக்கி எறிய மனசு வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

மார்ச் 15, சனி

இன்று கொல்லைப்புறத்தில் வைத்து வேலை. கராஜில் வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். சரியாக எரியாத தீ கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. கூடாரத்துக்குள் கேஸ் ஃப்ரிட்ஜை ஏற்றிவைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

முதலில் ரசமட்டம். ஃப்ரிட்ஜின் உள்தளத்தில் வைத்துப் பார்த்து அடியில் பலகைத்துண்டு கொடுத்துச் சமன் செய்தேன். திரவம் தன் பாரத்திலேயே இறங்கி ஓட வேண்டிய குழாய்கள் அவை. சாய்ந்து நின்றால் ஒரு மூலையில் தேங்கிக் குளிர்ச்சி நின்றுவிடும். ஆனால் ஏரிக்கரையிலும் சமமாகத்தான் வைத்திருந்தோம், ஆகவே அது காரணமில்லை.

சிலிண்டரில் கேஸ் இருக்கிறது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், நுரை எங்கும் குமிழிடவில்லை.

பற்றவைத்துக் கீழே உள்ள சின்ன ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. தீ நீலமாக, நிமிர்ந்து, சன்னமாக இரைந்துகொண்டு நிற்க வேண்டும். இதுவோ மஞ்சளாக, குட்டையாக, ஒரு பக்கம் சாய்ந்து நாக்கை ஆட்டிக்கொண்டிருந்தது. உடனே அணைத்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

புகைபோக்கியைச் சுத்தம் செய்தேன். மேல்மூடியை எடுத்தால் உள்ளே ஒரு கம்பியில் முறுக்கிய தகடு தொங்குகிறது. சூடு நேராக மேலே ஓடிவிடாமல் சுழன்று குழாய்ச் சுவரில் ஒட்டிப் போவதற்காக வைத்தது. கம்பியைப் பிடித்து மெல்ல இழுத்தேன். தகடு முழுக்கக் கரி. விரலால் தொட்டால் மை போல அப்பிக்கொள்கிறது. அடியில் பர்னர்மேல் பழைய துணியைப் போர்த்திவிட்டு, நீளக் காம்புள்ள பிரஷை மேலிருந்து விட்டுத் தேய்த்தேன். கரியோடு துருச் செதில்களும் உதிர்ந்தன. துணியை விரித்துப் பார்த்தால் ஒரு கைப்பிடி இருக்கும்.

அப்புறம் டார்ச் அடித்துப் பர்னர் குழாயைப் பார்த்தால், காற்று நுழையும் துளையில் வெள்ளையாக ஒட்டடை. இந்த ஊரில் சிலந்தியும் மண்குளவியும் கேஸ் குழாய்களில் கூடு கட்டுவது சகஜம். காற்று போதாமல் தீ மஞ்சளாகி, அந்த மஞ்சள் தீ கரியைத் துப்பி, கரி புகைபோக்கியை அடைத்து, அது தீயை இன்னும் கெடுத்திருக்கிறது. மென்மையான பிரஷால் ஒட்டடையை எடுத்தேன். தகட்டை முன்பிருந்த அதே உயரத்தில் தொங்கவிட்டேன். அது பர்னர்மேல் இறங்கிவிட்டால் தீ மூச்சுத் திணறும்.

மாலை பற்றவைத்தேன். நிறம் நீலமாகிவிட்டது. ஆனால் தீ இன்னும் குட்டைதான். நாலு மணி நேரம் கழித்தும் 15 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. மீதிச் சந்தேகம் பர்னருக்குக் கேஸைப் பீய்ச்சும் சின்ன ஓட்டையுள்ள ஜெட்மேலும், கேஸ் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர்மேலும். சிலிண்டரைக் கழற்றுவது போலல்ல, ஃப்ரிட்ஜின் கேஸ் பாகங்களைப் பிரிக்கும் வேலைக்கு இங்கே உரிமம் பெற்றவர் வேண்டும். அந்த விதி எனக்குச் சம்மதமே.

மார்ச் 22, சனி

கேஸ் ஃபிட்டர் வந்தார். வயதானவர், வேலை நிதானம். கேரவன் ஃப்ரிட்ஜ் எத்தனையோ பார்த்த கை என்பது ஸ்பானரைப் பிடிப்பதிலேயே தெரிந்தது. முதலில் அழுத்தம் பார்த்தார். தண்ணீர் நிரப்பிய வளைந்த குழாயின் ஒரு முனையைக் கேஸில் மாட்டினார். இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் 280 மில்லிமீட்டர் வித்தியாசம். அதாவது 2.75 கிலோபாஸ்கல், ஆஸ்திரேலியாவில் இந்தச் சாதனங்களுக்கு வைத்திருக்கும் அளவேதான். ரெகுலேட்டர் நல்லாயிருக்கிறது.

அடுத்து ஜெட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். பித்தளையில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓட்டையே தெரியவில்லை. ஊசி விட்டுக் குத்தினால் என்ன என்று கேட்டேன், இந்த யோசனையைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கூடவே கூடாதாம். ஓட்டை ஒரு மயிரிழை பெருத்தாலும் கேஸ் அதிகமாகிப் பழையபடி கரியும் நச்சுப் புகையும்தான். ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் காற்றால் ஊதலாம், இல்லாவிட்டால் மாற்ற வேண்டும். அதே எண் பொறித்த புது ஜெட்டைப் போட்டார்.

தீ இப்போது நிமிர்ந்து நின்றது. ஆனால் குமிழிலிருந்து கையை எடுத்ததும் அணைந்துவிட்டது. மறுபடி அரை நிமிடம் அமுக்கிப் பிடித்தும் அதே கதை. அவர் அசரவில்லை. தீக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தெர்மோகப்பிளைக் காட்டினார். அதன் நுனி சூடானால் ஒரு துளி மின்சாரம் பிறக்கும், சில மில்லிவோல்ட்தான். அதை வைத்து ஒரு காந்தம் கேஸ் வால்வைத் திறந்தே பிடித்திருக்கும். காற்றடித்துத் தீ அணைந்தால் நுனி ஆறிப்போய் வால்வு தானாக மூடிக்கொள்ளும். நம் உயிரைக் காக்கும் பாகம் அது, அதை ஏமாற்ற வழி தேடவே கூடாது. எங்கள் ஃப்ரிட்ஜில் அதைத் தாங்கும் தகடு வளைந்து நுனி தீக்கு வெளியே நின்றது. நிமிர்த்திவிட்டார். கையை எடுத்த பிறகும் தீ நின்றது.

ஏப்ரல் 5, சனி

வெள்ளோட்டம். நேற்றிரவு வெறும் பெட்டியைக் கரன்டில் குளிரவைத்தேன். காலையில் கேஸுக்கு மாற்றி, குளிர்ந்த சாமான்களை மட்டும் அடுக்கினேன். மாலையிலும் 5 டிகிரி. வெளியே 24.

ஏப்ரல் 19, சனி, பார்மா

முர்ரே ஆற்றங்கரை. சுற்றிலும் ரிவர் ரெட் கம் என்ற யூகலிப்டஸ் மரங்கள், உலகிலேயே பெரிய ரெட் கம் காட்டின் ஒரு பகுதி இது. சொல்லாமல் கொள்ளாமல் கிளை முறித்துப் போடும் மரம் என்பதால் கூடாரத்தையும் ஃப்ரிட்ஜையும் வெட்டவெளியில் போட்டிருக்கிறோம்.

காலையில் அப்பா தாமே போய்த் திறந்து பார்த்தார். "ஏம்மா, அஞ்சு டிகிரி காட்டுது. இது போதுமா?" போதும்ப்பா என்றேன். இன்சுலின் டப்பாவைக் குளிர்த்தகட்டை ஒட்டி வைக்கவில்லை, அங்கே உறைந்துவிடும். உறைந்த இன்சுலினை உருகவைத்துப் போடக் கூடாது. நடுவில், தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

மதியம் ஆற்றுப் பக்கமிருந்து காற்று வேகமெடுத்தது. பர்னர் துளை காற்றுக்கு முதுகு காட்டும்படி பெட்டியைத் திருப்பி, ரசமட்டத்தைத் திரும்ப ஒருமுறை வைத்துப் பார்த்தேன். தீ நீலமாகவே இருக்கிறது.

திங்கள் கிளம்பும்போது சிலிண்டரை மூடி, 12 வோல்ட்டுக்கு மாற்றிய பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். வழியில் சாப்பிட நிறுத்தினால் அந்த வயரையும் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கார் பேட்டரியைக் குடித்துவிடும்.