சித்திரைக்குத் தெற்கே ஒரு சுருள்

சென்னையில் புதிதாகத் தொலைநோக்கி வாங்குபவர்கள் பெரும்பாலும் ஆண்ட்ரோமெடா பேரடையைத்தான் (பேரடை என்பது கோடிக்கணக்கான விண்மீன்களின் பெருங்கூட்டம்) முதலில் தேடுகிறார்கள். ஆனால் அது முன்னிரவில் உயரே நிற்கும் ஐப்பசியும் கார்த்திகையும் நமக்கு மழைக்காலம். ஆகவே, நம் ஊருக்கு ஏற்றது எம் 83 என்பதே என் கருத்து. ஏறக்குறைய 1.5 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இந்தச் சுருள் பேரடை, தன் முகத்தை நேராக நம் பக்கம் திருப்பியிருக்கிறது. சித்திரையில் நள்ளிரவை ஒட்டியும் வைகாசி நடுவில் இரவு 9 மணி வாக்கிலும் தெற்கே உச்சத்தை அடைகிறது. 1752இல் பிரெஞ்சு வானியலாளர் லக்காய் இதை நன்னம்பிக்கை முனையிலிருந்து கண்டறிந்தார். பின்னர் பாரிசிலிருந்து தேடிய, ‘எம்’ வரிசைப் பட்டியலைத் தொகுத்த மெசியேவுக்கு இது அடிவானத்திலிருந்து 11 பாகைக்கு மேல் எழுந்திருக்காது. நமக்கோ 47 பாகை வரை எழுகிறது.

கண்டுபிடிப்பது கடினமன்று. சித்திரை நட்சத்திரத்திலிருந்து நேர் தெற்கே, கையை நீட்டிப் பிடித்தால் ஒரு சாண் தூரம். சித்திரா பௌர்ணமியன்று நிலவு அந்த நட்சத்திரத்தின் அருகிலேயே நிற்கும் என்பதால் அமாவாசையை ஒட்டிய இரவுகளையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மொட்டை மாடியிலிருந்து 8 அங்குல ஆடி கொண்ட டாப்சோனியனில் (எளிய தாங்கியில் அமர்ந்த தொலைநோக்கி) பார்த்தால் நடுக்கரு மட்டும் மங்கிய புகைப்பொட்டாகத் தெரியும். சுருள் கைகள் தெரியா. பேரடையின் மொத்த ஒளியும் நிலவின் விட்டத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டிய பரப்பில் பரவிக் கிடப்பதால், நகர வானத்தின் வெளிச்சம் அதை எளிதில் விழுங்கிவிடுகிறது. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் பேரடையும் பின்னணி வானமும் சேர்ந்தே மங்கும். விற்பவர்கள் என்ன சொன்னாலும், ஒளி வடிகட்டியும் இங்கே பெரிதாக உதவாது. விண்மீன்களின் ஒளியும் எல்இடி விளக்குகளின் ஒளியும் எல்லா நிறங்களிலும் விரவியவை என்பதால், ஒன்றை மட்டும் வடிகட்டிப் பிரிக்க முடியாது.

இருண்ட வானம் ஒன்றே வழி. வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி அமைந்துள்ள காவலூர், ஜவ்வாது மலையில் இருப்பது தற்செயலன்று. அந்த மலைப்பக்கத்தில் அதே 8 அங்குலக் கருவியில், இருளுக்குக் கண் பழக அரை மணி நேரம் கொடுத்து, நேராக உற்று நோக்காமல் கடைக்கண்ணால் பார்த்தபோதுதான், கருவைக் குறுக்கே கடக்கும் பட்டையும் அதன் முனையிலிருந்து வளையும் ஒரு கையும் எனக்குப் பிடிபட்டன.

1923க்கும் 1983க்கும் இடையில் இந்த ஒரே பேரடையில் 6 சூப்பர்நோவாக்கள் (வெடித்துச் சிதறும் விண்மீன்கள்) பதிவாகியுள்ளன. 1983இல் வெடித்தது சிறிய தொலைநோக்கிகளுக்கும் எட்டும் பிரகாசம் கொண்டிருந்தது. எனவே, பார்க்கும்போதெல்லாம் கருவைச் சுற்றியுள்ள புள்ளிகளைத் தாளில் குறித்து, பழைய படத்தோடு ஒப்பிட்டுவிடுகிறேன்.