மின்வெட்டுக் காலத்தில் அல்கோரிதம் கணக்குகள்

2022 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறைக்கு வந்தபோது, நான் அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் கணினிப் பொறியியல் படித்து முடித்துவிட்டு, வட்டக்கச்சி வீட்டில் இருந்தபடி நேர்முகத் தேர்வுகளுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். எனது பழைய மடிக்கணினியின் மின்கலம் 40 நிமிடங்கூடத் தாங்காது. ஆகவே, மின்சாரம் இருக்கும் நேரத்தில் நிரலாக்கக் கணக்குகளைத் தரும் லீட்கோட் என்ற இணையத் தளத்திலிருந்து நான்கைந்து கணக்குகளை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு, மின்சாரம் போனதும் வேப்பமர நிழலில் கதிரையைப் போட்டு, பேனையால் அவற்றைச் செய்து பார்ப்பேன். வேறு வழியின்றித் தொடங்கிய பழக்கம் அது. எனக்கு உண்மையில் உதவிய ஒரே பயிற்சி அதுதான் என்பது பிறகுதான் விளங்கியது.

அதற்கு முன்னர் நான் பயிற்சி செய்யவில்லை என்பதல்ல. அந்த ஆண்டு தை மாதத்திற்குள் 230 கணக்குகளை முடித்திருந்தேன். அந்தத் தளத்தில் அப்போது 2,000க்கும் மேற்பட்ட கணக்குகள் இருந்தன. அதில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பதே எனது அன்றாட வேலையாகிவிட்டது. அந்த எண்ணிக்கையின் தெம்பில்தான் கொழும்பில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் சூம் வழியாகக் கலந்துகொண்டேன். தொடக்கமும் முடிவும் கொண்ட நேர இடைவெளிகள் பல தரப்படும், ஒன்றன்மேல் ஒன்று விழுபவற்றை ஒன்றாக்க வேண்டும் என்பது கேள்வி. இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் அதைச் செய்திருந்தேன். வாயே திறக்காமல் 12 நிமிடத்தில் சரியான செய்நிரலை எழுதி முடித்தேன். அப்போது எதிரே இருந்தவர், “ஏன் தொடக்க நேரத்தின்படி வரிசைப்படுத்தினீர்கள்?” என்று கேட்டார். வரிசைப்படுத்தினால் விடை வரும் என்பதற்கு அப்பால் என்னிடம் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

விடை எளியது. தொடக்கத்தின்படி அடுக்கிவிட்டால், புதிதாக வரும் இடைவெளி ஏற்கெனவே ஒன்றாக்கியவற்றுள் கடைசியோடு மட்டுமே மோத முடியும். அதற்கு முந்தையவை எல்லாம் கடைசியானது தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டன, புதியதோ கடைசியானது தொடங்கிய பின்னர்தான் தொடங்குகிறது. ஆகவே பின்னால் திரும்பிப் பார்க்கும் தேவையே இல்லை. இதை விளங்கிக்கொண்டவர் 4 மணிக்கு முடிவதும் 4 மணிக்குத் தொடங்குவதும் மோதலாகுமா என்பதை எழுதத் தொடங்குமுன் கேட்டிருப்பார். நான் கேட்கவில்லை. என்னை அவர்கள் எடுக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்ததே தவிர, குறை சொல்ல இடமிருக்கவில்லை.

கணினியில் பயின்றபோது நான் செய்துவந்ததை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பத்து நிமிடத்தில் வழி தெரியாவிட்டால் விடையைத் திறந்து பார்ப்பேன். ஏதாவதொரு சோதனை பிழைத்தால், ‘சிறியது’ என்ற குறியை ‘சிறியது அல்லது சமன்’ என்று மாற்றுவேன், ஒன்றைக் கூட்டுவேன், ஒன்றைக் கழிப்பேன், பச்சை நிறம் வரும்வரை மாற்றிக்கொண்டே இருப்பேன். தாளில் அது நடக்காது. பிழை என்று சொல்ல அங்கே எவரும் இல்லை. மாறிகளுக்கு ஒவ்வொரு நிரல் (நெடுவரிசை) கீறி, ஒவ்வொரு சுற்றிலும் அவற்றின் பெறுமானம் என்னவாகிறது என்று நாமேதான் எழுதிக்கொண்டு போக வேண்டும். ஐந்து உறுப்புகள் கொண்ட ஓர் அணிக்கு, அதாவது எண் வரிசைக்கு, இப்படி எழுத ஒரு பக்கம் பிடிக்கும். அந்த ஒரு பக்கத்தில் எனக்குக் கிடைத்தது அதற்கு முந்தைய பத்துக் கணக்குகளில் கிடைக்கவில்லை.

மழைநீர்க் கணக்கில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சுவர்களின் உயரங்கள் ஓர் அணியாகத் தரப்படும். ஒவ்வொன்றும் ஓர் அலகு அகலம். மழை பெய்து ஓய்ந்த பின் சுவர்களுக்கிடையே எத்தனை அலகு நீர் தங்கும் என்பது கேள்வி. நான் எடுத்துக்கொண்ட அணி 3, 0, 2, 0, 4. முதலில் 3க்கும் 2க்கும் நடுவே 2 அலகு, பிறகு 2க்கும் 4க்கும் நடுவே 2 அலகு, மொத்தம் 4 என்று எழுதி, இரண்டு குட்டைகளாகப் படமும் கீறி வைத்திருந்தேன். மாலையில் வயலால் வந்த அப்பா கொப்பியைப் பார்த்து இது என்ன குளமா என்று கேட்டார். விளக்கினேன். அவர் நடுவில் இருந்த 2ஐ விரலால் தொட்டு, “இந்தத் திட்டி தண்ணிக்குள்ள மூழ்கிப் போகும் தம்பி. வான் இஞ்சையெல்லோ இருக்கு” என்று இடப்பக்கத்து 3ஐக் காட்டினார்.

வன்னியில் குளத்தோடு வாழ்பவர்களுக்கு இது பாடமாகப் படித்து வருவதல்ல. வான் என்பது குளத்தில் மிகை நீர் வழிந்தோடும் வாய். கட்டு எவ்வளவு உயரமாக இருந்தாலும், வான் மட்டத்திற்கு மேலே வரும் தண்ணீர் வழிந்து போய்விடும். குளத்துக்குள் எத்தனை திட்டி இருந்தாலும் அவை மட்டத்தைத் தீர்மானிப்பதில்லை. அந்தக் கணக்கின் முழுச் சாரமும் அதுதான். ஓரிடத்தில் நீர்மட்டம் என்பது அதற்கு இடப்புறம் உள்ள மிக உயர்ந்த சுவர், வலப்புறம் உள்ள மிக உயர்ந்த சுவர் ஆகிய இரண்டில் எது குறைவோ அது. அதிலிருந்து அந்த இடத்தின் உயரத்தைக் கழித்தால் அங்கே தங்கும் நீர். ஆகவே 3, 1, 3 என்று மொத்தம் 7. நான் பக்கத்துச் சுவரை மட்டும் பார்த்தேன். பார்க்க வேண்டியது அப்பக்கத்தின் மிக உயர்ந்ததை.

இதற்குப் பிறகு மூன்று வழிகளும் தாமாகவே வந்தன. ஒவ்வோர் இடத்திலும் நின்று இரு பக்கமும் முழுதாகத் தேடினால் வேலை உறுப்பெண்ணிக்கையின் வர்க்கத்திற்கு ஏற்பப் பெருகும். இடப்புற உச்சங்களையும் வலப்புற உச்சங்களையும் முன்னரே இரண்டு அணிகளில் எழுதி வைத்தால் வேலை உறுப்பெண்ணிக்கையின் அளவில் நின்றுவிடும், ஆனால் நினைவகம் கூடுதலாக வேண்டும். மூன்றாவது வழியில் இரு முனைகளிலும், நிற்கும் இடத்தைக் குறிக்க ஒவ்வொரு சுட்டியை வைத்து, எந்தப் பக்கத்து உச்சம் குறைவோ அந்தச் சுட்டியை உள்ளே நகர்த்த வேண்டும். குறைந்த பக்கத்தை ஏன் நகர்த்துகிறோம் என்பதுதான் பலரும் மனப்பாடமாகச் சொல்லும் இடம். மறுபக்கத்தில் அதைவிடக் குறையாத ஒரு சுவர் இருப்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. நடுவே இன்னும் பார்க்காத இடத்தில் மலையே இருந்தாலும் மட்டத்தைத் தீர்மானிக்கும் வான் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. எனது அணியில் வலச்சுட்டி ஒரு தடவைகூட நகராமலே 7 வந்துவிடுகிறது.

வவுனியாவில் இருந்த நண்பன் ஒருவனும் அப்போது இதே தேடலில் இருந்தான். காணொளி அழைப்புக்கு இணையத் தரவு போதாது என்பதால், சாதாரணத் தொலைபேசி அழைப்பிலேயே மாறி மாறி ஒருவரை ஒருவர் நேர்முகம் செய்தோம். திரை இல்லை, படம் இல்லை. நான் சொல்லச் சொல்ல அவன் தனது தாளில் கீறுவான், பிறகு மின்சாரம் வந்ததும் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். எனது கொப்பியில் இருந்த படமும் அவனுடையதும் ஒத்துப்போகாத நாட்களே தொடக்கத்தில் அதிகம். ‘அதை’ இங்கே நகர்த்து, ‘இதை’ அங்கே வை என்று நான் சொல்வது எனக்கு மட்டுமே விளங்கும் கதை என்பது அப்போதுதான் தெரிந்தது. சுட்டிகளுக்குப் பெயர் வைத்துக் கதைக்கப் பழகினேன்.

தாளும் திரையும் இல்லாத சிந்தனையைப் பற்றிப் பேசும்போது நெதர்லாந்துக் கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ராவின் கதை நினைவுக்கு வருகிறது. 1956இல் ஆம்ஸ்டர்டாமில், தான் மணக்கவிருந்த பெண்ணோடு கடைத்தெருவில் அலைந்து களைத்து, ஒரு கோப்பிக் கடை முற்றத்தில் அமர்ந்திருந்தபோது, மிகக் குறுகிய பாதையைக் காணும் அல்கோரிதத்தை 20 நிமிடத்தில் மனத்துக்குள்ளேயே வகுத்ததாக அவர் பின்னாளில் கூறினார். 1959இல்தான் அது கட்டுரையாக வந்தது. தாளும் பென்சிலும் இல்லாதபோது தவிர்க்கக்கூடிய சிக்கல்களைத் தவிர்த்தே ஆக வேண்டியிருக்கும் என்பது அவரது விளக்கம். நமக்கு அந்தத் திறமை இல்லை, ஆகவே தாள் இருக்கட்டும்.

எழுதுமுன் உள்ளீட்டின் அளவைப் பார்க்கும் பழக்கமும் அப்போதே வந்தது. உறுப்புகள் 1 இலட்சம் என்றால் வர்க்க வழி 1,000 கோடிப் படிகள் கேட்கும். ஒரு நொடியில் ஏறத்தாழ 10 கோடி எளிய படிகள் என்று வைத்துக்கொண்டால் அந்த வழியை எழுதத் தொடங்கவே தேவையில்லை. வரிசைப்படுத்திய அணியை ஒவ்வொரு தடவையும் நடுவே பாதியாக்கித் தேடும் இருமத் தேடலோ 10 இலட்சம் உறுப்புகளுக்கும் 20 ஒப்பீடுகளில் முடிந்துவிடும். ஆனாலும் அந்தச் சிறிய தேடலை அலட்சியமாக எழுதக் கூடாது. நடுவைக் காண இரு எல்லைகளைக் கூட்டி இரண்டால் வகுக்கும் வழக்கமான வரி, அணியில் ஏறத்தாழ 107 கோடிக்கு மேல் உறுப்புகள் இருக்கும்போது 32 பிட் முழுவெண்ணின் எல்லையான 2,147,483,647ஐத் தாண்டி மறை எண்ணாகிவிடும். ஜாவா நிரலாக்க மொழியின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை இருந்ததை, அந்தத் தேடலை அதில் எழுதிய ஜோஷுவா புளொக் 2006இல் எழுதினார். கீழ் எல்லையோடு வித்தியாசத்தின் பாதியைக் கூட்டினால் பிழை வராது. நான் எழுதிவந்த பைத்தன் மொழியில் முழுவெண்ணுக்கு இந்த எல்லை இல்லை என்பதால் நான் அதுவரை இதை யோசித்ததே இல்லை.

நேர்முகம் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதால் ஆங்கிலத்தில்தான் பயில வேண்டும் என்று நண்பன் வாதிட்டான். நான் உடன்படவில்லை. முதலில் தமிழில் சொல்லி, காரணம் எங்கே முறிகிறது என்று கண்டுபிடித்த பிறகே ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். இல்லாவிட்டால், தடுமாற்றம் மொழியினாலா விளக்கக் குறைவினாலா என்று எனக்கே தெரியாது போய்விடும்.

அடுத்த நேர்முகம் ஆடி மாதம் நடந்தது. ஒரு மரம் தரப்பட்டால், அது முறையான இருமத் தேடல் மரம்தானா என்று கண்டுபிடிக்க வேண்டும். அதாவது, மரத்தின் ஒவ்வொரு கணுவுக்கும் இடப்புறம் உள்ள எண்கள் எல்லாம் அதைவிடச் சிறியவையாகவும், வலப்புறம் உள்ளவை எல்லாம் பெரியவையாகவும் இருக்க வேண்டும். நான் செய்து பார்க்காத கணக்கு. ஒவ்வொரு கணுவிலும் இடப் பிள்ளை சிறிதாகவும் வலப் பிள்ளை பெரிதாகவும் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று உரக்கச் சொல்லத் தொடங்கினேன். பக்கத்தில் இருப்பதை மட்டும் பார்க்கிறேன் என்பது எனது காதில் விழுந்ததும் நிறுத்தினேன். உச்சியில் 10, இடத்தில் 5, வலத்தில் 15, அந்தப் 15இன் இடத்தில் 6 என்று ஒரு மரத்தைச் சொன்னேன். எனது சோதனை அதைச் சரி என்று ஏற்றுக்கொள்ளும், ஆனால் 10இன் வலப்புறத்தில் 6 இருக்க இடமில்லை. ஆகவே ஒவ்வொரு கணுவுக்கும் மேலிருந்து ஒரு கீழ் எல்லையையும் ஒரு மேல் எல்லையையும் கொடுத்தனுப்ப வேண்டும் என்று விளக்கிய பின்னரே எழுதத் தொடங்கினேன். வேலை கிடைத்தது.

அன்று இரவு நண்பனை அழைத்து, கேள்வியைச் சொல்லாமல் அந்த மரத்தை மட்டும் வாயால் விவரித்தேன். மின்சாரம் வந்ததும் அவன் அனுப்பிய படத்தில் 6 சரியான இடத்தில் இருந்தது. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, “இது இஞ்சை நிக்கேலாது” என்று எழுதியிருந்தான்.