அம்மாவின் வாட்சும் அரிசோனா மணியும்

பாளையங்கோட்டையிலிருந்து அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸுக்கு வந்து மூன்று வாரம் ஆகியும் அம்மா தன் எச்எம்டி வாட்சில் இந்திய மணியை மாற்றவில்லை. "அப்பா மாத்திரை போடுற நேரம் எனக்குத் தெரியணும்லா" என்பார். அதில் அரை மணி குறைத்து, ராத்திரியைப் பகலாக்கினால் ஃபீனிக்ஸ் மணி. பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், வருஷம் முழுக்க அதேதான். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் டேலைட் சேவிங்கை அரிசோனா 1968இலேயே விட்டுவிட்டது. நாற்பது டிகிரிக்கு மேல் கொதிக்கிற ஊரில் சாயங்கால வெயிலை இன்னும் ஒரு மணி நேரம் இழுக்க யாருக்கு மனசு வரும்?

ஜூன் மாதம், செம்பாறைக் குன்றுகள் நிற்கும் மான்யுமென்ட் வேலியைப் பார்க்கக் கிளம்பினோம். அங்கே சுற்றிக்காட்டும் மதியம் 2 மணி ஜீப்புக்கு முன்பதிவு செய்திருந்தேன். காலை 7 மணிக்குப் புறப்பட்டு, ஃபிளாக்ஸ்டாஃப் தாண்டி, டூபா சிட்டியில் பெட்ரோல் போட நிறுத்தினேன். கார் கடிகாரத்தில் 10:40. செல்போனில் 11:40. பணம் கட்டிவிட்டு வந்து பார்த்தால் போனிலும் 10:44! சரி, போன்தான் தடுமாறியிருக்கிறது என்று காரை நம்பி ஓட்டினேன்.

தடுமாற்றம் போனில் இல்லை, மண்ணில் இருந்தது. டூபா சிட்டி, அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்களின் நிலம். அந்த நிலம் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மூன்றிலும் பரந்து கிடக்கிறது. மற்ற இரண்டு மாநிலங்களும் கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளுவதால், தங்கள் ஜனங்கள் எல்லோருக்கும் ஒரே மணி இருக்கட்டும் என்று நவஹோக்களும் தள்ளுகிறார்கள். ஆனால் ரோட்டைத் தாண்டினால் மோயன்கோப்பி, ஹோப்பி என்ற இன்னொரு பழங்குடி மக்களின் கிராமம். அவர்களுக்கு அரிசோனா மணி. போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த ஊர் மணியைக் காட்டும். அங்கிருந்து 264ஆம் எண் சாலையில் கிழக்கே போனால் நவஹோ, ஹோப்பி என்று மாறி மாறி வரும். ஹோப்பி நிலத்துக்கு நடுவிலேயே ஜெடிட்டோ என்று ஒரு நவஹோ திட்டும் உண்டு.

கார் கடிகாரப்படி 1:15க்குப் போய்ச் சேர்ந்தோம். அதுவும் நவஹோ நிலம், அங்கே 2:15. ஜீப் போய்விட்டது. அம்மா இவ்வளவு தூரம் உட்கார்ந்து வந்தது வீணாகிவிடுமோ என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. கவுண்டரில் இருந்த பெண்மணி முகம் சுளிக்காமல் அடுத்த ஜீப்பில் இடம் போட்டுக் கொடுத்தார். நிழலில் உட்கார்ந்து அம்மா வாட்சைப் பார்த்தார். ஒண்ணே முக்கால்.

"அப்ப இந்த ஊருல அரை மணி குறைக்கப்படாது. கூட்டணும்."

ஆமாம், இங்கே வித்தியாசம் பதினொன்றரை மணி நேரம். அரிசோனா என்றால் குறை, நவஹோ என்றால் கூட்டு. மார்ச் முதல் நவம்பர் வரை இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரியே போனில் தானாக மணி மாறும் வசதியை நிறுத்தினேன்.

மறுநாள் ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்கு. அதுவும் நவஹோ நிலம்தான், ஆனால் சுற்றிக்காட்டுகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் பேஜ் ஊரின் மணியை, அதாவது அரிசோனா மணியை வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே போன் போட்டு "எந்த மணி?" என்று கேட்டுக்கொண்டேன். நீங்களும் கேட்டுவிடுங்கள். நவஹோ ஊரான கயென்டாவில் அவர்கள் மணிக்கு 8 மணிக்குக் கிளம்பி, ஒன்றே முக்கால் மணி நேரம் ஓட்டி, அரிசோனா மணி 8:45க்கே பேஜ் வந்துவிட்டோம்.

அங்கிருந்து அம்மா அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா தோசை சாப்பிட்டு மாத்திரை போட்டாயிற்று. ஸ்பீக்கரில் அவர் குரல்: "அங்க இப்ப மணி என்ன?"

அம்மா வாட்சைப் பார்த்தார், வெளியே மலையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எந்த மணியக் கேக்கிய?"