பாரம் தூக்குதல்: எடையைவிடத் தூரமே முக்கியம்

பாரம் தூக்குவது எப்படி என்று எவரைக் கேட்டாலும், முழங்காலை மடித்து முதுகை நிமிர்த்தித் தூக்கவேண்டும் என்பார்கள். அதில் பிழையில்லை, ஆனால், பாரம் உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். முதுகுத் தசைகள் முள்ளந்தண்டு வட்டுகளுக்கு (முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருப்பவை) ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் பின்னால் இருந்துதான் இழுக்கின்றன. எனவே 10 கிலோ பெட்டியொன்றைக் கைநீட்டி 50 சென்ரிமீற்றர் முன்னால் பிடித்தால், தூரம் பத்து மடங்கு என்பதால், அதற்கு ஈடுகொடுக்க அத்தசைகள் 100 கிலோவுக்கு நிகரான விசையுடன் இழுக்க நேரிடுகிறது. அந்த விசை வட்டுகளைத்தான் அமுக்குகிறது. அதே பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் சுமை ஏறத்தாழப் பாதியாகிவிடும். அகலமான பெட்டியைத் தூக்கும்போது முழங்கால் மடிப்பே சில வேளைகளில் இடைஞ்சலாகிறது என்பதையும் சொல்லவேண்டும்: மடித்த கால்களுக்கு இடையில் பெட்டி அடங்காவிட்டால் அது இன்னும் முன்னே தள்ளிப்போகும்.

பிரித்தானியத் தொழிற்பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டல் இதனை எண்களில் காட்டுகிறது. இடுப்பளவு உயரத்தில், உடம்போடு சேர்த்து, ஓர் ஆண் 25 கிலோவும் ஒரு பெண் 16 கிலோவும் தூக்கலாம். தரைமட்டத்தில் கைநீட்டி எடுப்பதானால் ஆணுக்கு 5 கிலோ, பெண்ணுக்கு 3 கிலோ மட்டுமே.

கொழும்புச் சந்தைப் பகுதியான புறக்கோட்டையில் பழைய சோனகத் தெருவிலோ நான்காம் குறுக்குத் தெருவிலோ சற்று ஒதுங்கி நின்று மூடை சுமக்கும் நாட்டாமைமாரைக் கவனித்தால் இது கண்கூடாகத் தெரியும். லொறியின் மேல் நிற்பவர் மூடையைச் சரித்துக் கொடுக்க, கீழே நிற்பவர் அதைத் தோளிலோ முதுகிலோ ஏந்துகிறார். தரையிலிருந்து தூக்கும் மிக ஆபத்தான கட்டம் அங்கே இல்லாமற் போகிறது, பாரமும் உடம்பின் மேலேயே அமர்ந்துவிடுகிறது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு, வாரம் முழுவதும் கணினி முன்னால் இருப்பவர் வீட்டில் 50 கிலோ மூடையைத் தனியே காவ முற்படுவதை நான் ஆதரிக்கமாட்டேன். சர்வதேச தொழிலாளர் தாபனத்தின் 1967 ஆம் ஆண்டுப் பரிந்துரை, வளர்ந்த ஆண் தொழிலாளி ஒருவர் காவும் பாரத்துக்கே 55 கிலோவை உச்ச எல்லையாகக் காட்டுகிறது.

கொழும்பில் என் கவலை வெள்ளவத்தையில் விடியற்காலையில் வந்து நிற்கும் யாழ்ப்பாண பஸ்களைப் பற்றியது. இரவு முழுவதும் மடங்கி உட்கார்ந்திருந்த உடம்பு விறைத்துப்போயிருக்கும். இறங்கிய கையோடு, கீழ்த்தட்டின் உட்கோடியில் கிடக்கும் அரிசிப் பையையும் ஒடியல் பெட்டியையும் குனிந்து, கைநீட்டி, உடம்பைத் திருகி இழுப்பார்கள். செய்யக்கூடாத அனைத்தும் அந்த ஒரே அசைவில் அடங்கிவிடுகின்றன. சில நிமிடங்கள் நடந்துவிட்டு, பொதியை முதலில் விளிம்புவரை இழுத்து, அணைத்துப் பிடித்த பின், இடுப்பைத் திருகாமல் பாதங்களை எடுத்துவைத்துத் திரும்புவதே முறை. அதுவரை ஓட்டோக்காரர் காத்திருப்பார்.

காஸ் சிலிண்டர் விடயத்திலும் ஓர் ஏமாற்று உண்டு. 12.5 கிலோ என்பது உள்ளிருக்கும் வாயுவின் எடை மட்டுமே. உருக்குக் கலத்தின் எடை வேறாக அதன் மேற்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும், இரண்டையும் கூட்டியே பார்க்கவேண்டும். லிப்ட் பழுதான நாளில் அதை நான்காம் மாடிக்கு ஏற்றுவதைவிட, ஒரு நாள் கடையில் வாங்கிச் சாப்பிடுவது மலிவு. இடுப்புப் பட்டி கட்டிக்கொண்டால் போதும் என்ற நம்பிக்கைக்கும் போதிய ஆதாரம் இல்லை; அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் 1994 இலேயே அதைப் பரிந்துரைக்க மறுத்துவிட்டது.

அலுமாரியை இருவராகப் படியில் இறக்கும்போது கீழே நிற்பவருக்கே பாரம் கூடுதலாகச் சேருகிறது. ஆகவே நடப்பதா நிற்பதா என்று குரல்கொடுக்கும் உரிமையை அவரிடமே விட்டுவிடவேண்டும். தூக்கிய பின் வலி காலுக்குள் இறங்கினால் வைத்தியரிடம் காட்டவேண்டும். தொடைகளின் உட்பக்கம் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமற் போனாலோ, மறுநாள்வரை பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.