பால் பைக் எந்த வழியால் போகுது? எங்கள் கேம் நாட்குறிப்பு

செப்டம்பர் 4

சின்னப் பிள்ளைகளுக்காக எங்கள் வகுப்பில் செய்யும் கேமுக்கு நோய் முடிவாகிவிட்டது: மாடுகளுக்கு வரும் கால் வாய் நோய், அது ஒரு வைரஸ் நோய். விசர்நாய்க்கடியைத்தான் இரண்டு பேர் கேட்டார்கள், ஆனால் அதைப் பற்றி எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரியும். இதைப் பற்றி எங்கள் வகுப்பில் மாட்டுப் பட்டி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் கேம் செய்யும் கோடிங் மென்பொருளான ஸ்கிராட்சில்தான் செய்யப் போகிறோம். ஒருவன் உடனே வைரஸைச் சுடும் துப்பாக்கி வரைந்து காட்டினான், நான் வேண்டாம் என்று நின்றேன். வந்த பிறகு இந்த வைரஸைக் கொல்ல மருந்தே கிடையாது. புண்ணைக் கழுவிப் பராமரிக்கலாம், வருவதற்கு முன்னாலே தடுப்பூசி போடலாம். சுட்டால் முடிந்துவிடும் என்று சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டினால் பொய்யைப் படிப்பிக்கிற மாதிரி.

செப்டம்பர் 13

திருகோணமலைக்குப் பக்கத்தில் கிண்ணியாவில் நண்பன் வீட்டுப் பட்டி. அவனுடைய வாப்பா ஒரு பசுவின் தாடையைப் பிடித்து, நாக்கை ஒரு பக்கம் இழுத்துக் காட்டினார். “இந்தா பாருங்க மகன், இதுலதான் கொப்புளம் போடும். உடைஞ்சா தோல் உரிஞ்சி சதை தெரியும், பிறகு எப்பிடிப் புல்லுத் தின்னும்?” அப்புறம் குளம்பைத் தூக்கி, பிளவுக்கு நடுவே விரலை வைத்தார். அங்கேயும் புண் வருமாம், மாடு காலை உதறிக்கொண்டே நிற்குமாம், வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தொங்குமாம். கன்றுகளுக்குச் சிலவேளை கொப்புளம் எதுவும் தெரியாமலே இதயம் பாதித்துச் செத்துவிடும் என்று சொன்னபோது அவருடைய குரல் இறங்கிவிட்டது. கேமில் கட்டாயம் கன்று வேண்டும்.

செப்டம்பர் 21

இன்றைக்குத்தான் கேமின் உயிர் எங்கே என்று பிடிபட்டது. வைரஸ் உள்ளே போய் நோய் வெளியே தெரிய 2 முதல் 14 நாள் வரை ஆகலாம், அதற்கு முன்னாலேயே பாலிலும் மூச்சிலும் கிருமி வெளியே வரத் தொடங்கிவிடும். அப்படியென்றால் திரையில் மாடு நல்லாத்தான் மேய்ந்துகொண்டிருக்கும், ஆனால் பால் எடுக்கிற பைக் பட்டி பட்டியாகப் போய்வரும், அதன் டயரில், பால்காரரின் செருப்பில், கேனில் கிருமியும் சேர்ந்து போகும். விளையாடுபவர் மிருக வைத்தியர். மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் தோல்விதான், பாதையைப் பார்க்க வேண்டும். டயரிலும் செருப்பிலும் வரும் கிருமியைக் கொல்ல வாசலில் சலவைச் சோடாக் கரைசல் வைக்கலாம், குளத்துக்கு மந்தைகளை வெவ்வேறு நேரம் அனுப்பலாம். ஒக்டோபரில் பெரும்போக விதைப்புத் தொடங்கினால் வயலில் நின்ற மாடுகளெல்லாம் மேய்ச்சல் தரைக்குப் போய் ஒன்றாகக் கலந்துவிடும், அதுதான் இரண்டாம் கட்டம்.

செப்டம்பர் 28

திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை மான்களையும் கேமில் சேர்த்தாயிற்று. மானுக்கும் பிளவுபட்ட குளம்பு, அதற்கும் இந்த நோய் வரும், குதிரைக்கு வராது. தடுப்பூசிப் பெட்டியும் வரைந்தோம். இந்த வைரஸில் 7 வகை, ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றதைத் தடுக்காது, போட்ட அன்றே பலனும் வராது. அதனால் பொத்தானை அழுத்தியதும் மாடு பச்சையாக மின்னுவதை எடுத்துவிடச் சொன்னேன்.

ஒக்டோபர் 5

கிண்ணியா நண்பனின் வாப்பாவை விளையாட வைத்தோம். எச்சில் ஒழுகும் மாட்டைக் கண்டதும் ‘அறிவி’ பொத்தானை அழுத்துவார் என்று பார்த்தால், அழுத்தவே இல்லை. “அறிவிச்சா நாளைக்குப் பால் எடுக்க மாட்டான். லோன் கட்டுறது யாரு?” என்று கேட்டார்.

நாங்கள் யாரும் இதை யோசிக்கவே இல்லை. நோயை மறைக்கிறவர் கெட்டவர் என்று கேமில் காட்டக் கூடாது, அவருடைய வீட்டுக் கணக்கும் திரையில் தெரிய வேண்டும். இரவு முழுக்க இதே பேச்சு. ஒவ்வொரு பட்டிக்கும் ஒரு பணப்பை, நேரத்தோடு அறிவித்தவருக்குப் பால் நின்ற நாட்களுக்கு உதவிப் பணம், அந்தப் பணத்தை ஒதுக்குவதா தடுப்பூசி வாங்குவதா என்று வைத்தியரே முடிவெடுக்க வேண்டும். இந்தப் பகுதிக்கான கோடிங் நாளைக்குத் தொடங்குகிறோம், முடிந்ததும் முதலில் அவரிடமே கொடுத்துப் பார்க்கப் போகிறோம்.