எட்டுப் படியில் உறைந்த வரிசை

மூன்று வருடம் சிக்கலில்லாமல் ஓடிய மென்பொருள் சேவை அது. ஒரு நாள் அப்படியே நின்றுவிட்டது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. சிபியு சும்மா கிடந்தது, த்ரெட்கள் (நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் தனித்தனி இழைகள்) எல்லாம் எதற்கோ காத்திருந்தன. நிறுத்தி மறுபடி ஓடவிட்டோம், சரியாகிவிட்டது. பத்து நாள் கழித்து மீண்டும் அதே கதை. என்ன நடக்கிறதென்று பார்க்க நடப்பதைக் குறித்து வைக்கும் பதிவு வரிகளை நிரலில் நிறையச் சேர்த்தால், பிழை தலைகாட்டவே இல்லை.

நடுவில் இருந்தது ஒரு சின்ன வரிசை. சில த்ரெட்கள் அதில் வேலைகளைப் போடும், சில எடுக்கும். வரிசை நிரம்பியிருந்தால் போடுபவர் உறங்குவார், காலியாக இருந்தால் எடுப்பவர் உறங்குவார். ஒவ்வொரு முறை போட்டதும் எடுத்ததும், உறங்குபவர்களில் யாராவது ஒருவரை எழுப்பிவிட வேண்டும். குழுவில் எல்லோரும் அந்த நிரலைப் படித்தோம். தப்பு எதுவும் கண்ணில் படவில்லை.

அப்போதுதான் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய டிஎல்ஏ பிளஸ் மொழியைக் கையில் எடுத்தேன். நிரல் எப்படி நடக்க வேண்டும் என்பதை ஒரு சின்ன மாடலாக எழுதிச் சரிபார்க்க உதவும் மொழி அது. வரிசையில் ஒரே ஓர் இடம், போடுபவர் இருவர், எடுப்பவர் ஒருவர் என்று முப்பது நாற்பது வரியில் மாடல் எழுதினேன். அதன் சரிபார்ப்புக் கருவியான டிஎல்சி சில நொடிகளில் டெட்லாக், அதாவது யாருமே நகர முடியாமல் எல்லோரும் காத்துக்கிடக்கும் நிலை, என்று சொல்லி, அங்கே போய்ச் சேரும் வழியையும் காட்டியது.

முதலாமவர் ஒன்றைப் போடுகிறார். வரிசை நிரம்பிவிட, அடுத்ததைப் போட வந்து உறங்குகிறார். இரண்டாமவரும் உறங்குகிறார். எடுப்பவர் எடுத்துவிட்டு முதலாமவரை எழுப்புகிறார். மறுபடி எடுக்க வந்தால் காலி, அவரும் உறங்குகிறார். முதலாமவர் போட்டுவிட்டு ஒருவரை எழுப்ப வேண்டும். எடுப்பவரை எழுப்பியிருக்க வேண்டிய இடத்தில் இரண்டாமவர் எழுந்துவிடுகிறார். வரிசை நிரம்பியிருப்பதால் அந்த இரண்டு பேரும் திரும்ப உறங்கப் போகிறார்கள். இனி எழுப்ப ஆளில்லை. மொத்தம் 8 படிதான்.

அதைத் தாளில் வரைந்து பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. மூன்று வருடமாக இது ஏன் நடக்கவில்லை? காரணம் வரிசையின் நீளம். த்ரெட்களின் மொத்த எண்ணிக்கை வரிசை நீளத்தின் இரண்டு மடங்கைத் தாண்டினால்தான் இந்தச் சிக்கல் வர முடியும். எங்களிடம் 20 த்ரெட், 100 இடம். நினைவகத்தை மிச்சப்படுத்த யாரோ 100ஐ 4 ஆக்கியிருந்தார்கள். பெரிய வரிசையில் எவ்வளவு சோதித்தாலும் இது சிக்கியிருக்காது. பிழையைப் பிடிக்கப் பெரிய சுமை வேண்டும் என்றே அதுவரை நம்பியிருந்தேன். ஓர் இடமும் மூன்று பேரும் போதுமாக இருந்தது.

ஆளுக்குப் பத்துப் படி உள்ள இரண்டு த்ரெட்களின் படிகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து 1,84,756 விதமான வரிசையில் நடக்கலாம். இதை மனதில் ஓட்டிப் பார்ப்பது யாராலும் ஆகாது. அமேசானின் தரவுத்தளச் சேவையான டைனமோடிபியில் இதே டிஎல்ஏ பிளஸ் கண்டுபிடித்த ஒரு பிழைக்கு மிகக் குறுகிய வழியே 35 படி.

அப்புறம் காத்திருப்போரை இரண்டாகப் பிரித்தோம். இடத்துக்குக் காத்திருப்போர் ஒரு பக்கம், வேலைக்குக் காத்திருப்போர் மறுபக்கம். நிரலைத் தொடும் முன் மாடலை மாற்றி ஓட்டினேன், டெட்லாக் வரவில்லை.

ஆனால் மாடல் சரியாக இருப்பதால் நிரலும் சரியாகிவிடாது. அந்த இடைவெளி எனக்கு இன்றும் உறுத்தல்தான். அதனால் மாடல் கோப்பை நிரலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். வரிசையை ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் தொடும்படி காக்கும் பூட்டை நிரல் தொடும் ஒவ்வொரு இடத்திலும், அது மாடலின் எந்தப் படி என்று ஒரு குறிப்பு இருக்கும். வரிசையில் யார் கைவைத்தாலும் முதலில் அந்தப் படியைத் திறந்து பார்க்கிறோம்.